வடிகட்டிக்குள் வாழும் உயிர்கள்: வண்ணமீன் வளர்ப்போருக்கு ஒரு திறந்த மடல்

வீட்டுத் தொட்டிகளில் வண்ணமீன் வளர்ப்போருக்கும், சென்னைக் கொளத்தூர் முதலிய இடங்களில் அவற்றைப் பெருக்கி விற்போருக்கும்,



வாடகை வீடு மாறும்போதும், கோடை விடுமுறைக்குச் சொந்த ஊர் செல்லும்போதும், ஒரு தொட்டியைச் சில வாரங்களுக்குக் கலைத்து வைக்கும்போதும், மீன்களை எதில் கொண்டுசெல்வது, யாரிடம் ஒப்படைப்பது என்பது பற்றி வளர்ப்போர் பெரிதும் கவலைப்படுகின்றனர். வடிகட்டிக்குள் கிடக்கும் ஸ்பாஞ்சையும் செராமிக் வளையங்களையும் பற்றி எவரும் கவலைப்படுவதில்லை. கடைகளில் ‘மீடியா’ என்று வழங்கும் இவ்வூடகங்கள், குழாய்நீரில் பளிச்செனக் கழுவப்பட்டு, மொட்டைமாடி வெயிலில் காயவைக்கப்பட்டு, அட்டைப்பெட்டிக்குள் போகின்றன; அல்லது கழுவப்படாமலேயே, கசடோடும் பழைய நீரோடும் மூடிய வாளியொன்றில் மாதக்கணக்கில் கிடக்கின்றன. இரு வழிகளிலும் விளைவு ஒன்றுதான்: தொட்டி மீண்டும் அமைக்கப்பட்ட சில நாட்களில் மீன்கள் சோர்ந்து, நீர்மட்டத்துக்கு வந்து வாய் பிளந்து, ஒவ்வொன்றாகச் சாகின்றன, பழியோ புதிய ஊரின் தண்ணீர்மேல் விழுகிறது. ஊடகத்தில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் பசியை வியக்கத்தக்க அளவுக்குப் பொறுக்கும், அழுகும் கசடோடு காற்றின்றி அடைபடுவதைப் பொறுக்கா என்பதே இம்மடல் நிறுவ முயலும் கருத்து. சேமிப்பு முறைகளில் எது தகும், எது தகாது என்பது இந்த ஒன்றிலிருந்தே பெரும்பாலும் தெளிவாகிவிடும்.

மீன்கள் தம் உடலில் உண்டாகும் நைட்ரஜன் கழிவின் பெரும்பகுதியைச் செவுள்களின் வழியே அம்மோனியாவாக வெளியேற்றுகின்றன. நீரில் அது இரு வடிவங்களில் நிலவுகிறது: மின்னேற்றம் பெற்ற அம்மோனியம் அயனி மீனுக்கு அவ்வளவாகத் தீங்கு செய்வதில்லை, மின்னேற்றமற்ற அம்மோனியாவோ கொடிய நஞ்சு. வெப்பநிலை 25 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்க, நீரின் அமில கார நிலையைக் காட்டும் பிஎச் அளவு 7 ஆயின் நஞ்சு வடிவின் பங்கு நூற்றில் ஒன்றையும் எட்டுவதில்லை. பிஎச் 8 ஆகும்போது அது 5 விழுக்காட்டைத் தொடுகிறது. 9 ஆகும்போது மூன்றில் ஒரு பங்கைத் தாண்டிவிடுகிறது. கடினத்தன்மையும் காரத்தன்மையும் மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரைப் பயன்படுத்தும் இல்லங்களில் சிறிதளவு அம்மோனியாவும் மீனைக் கொல்வதற்கு இதுவே காரணம். இந்த அம்மோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு அதனினும் தீங்கு மிகக் குறைந்த நைட்ரேட்டாகவும் நுண்ணுயிர்கள் மாற்றுகின்றன. இவ்விரு படிகளும் சேர்ந்ததே நைட்ரேட்டாக்கம் எனப்படும்.

இது வெறும் வேதிவினையன்று, உயிர்களின் வேலை என்பதை 1877இல் பிரான்சு நாட்டு அறிஞர்களான ஷ்லோசிங், ம்யூன்ட்ஸ் ஆகிய இருவரும் காட்டினர். மணலும் சுண்ணாம்புக் கல்லும் நிரப்பிய நீண்ட குழாயொன்றின் வழியே அவர்கள் கழிவுநீரை மெல்லச் செலுத்தியபோது, ஏறத்தாழ இருபது நாட்கள் அம்மோனியா மாற்றமின்றியே வெளிவந்தது; அதன் பின்னர் நைட்ரேட் தோன்றத் தொடங்கியது. குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தியதும் அம்மாற்றம் நின்றது. ஆவியை அகற்றியும் அது தானாக மீளவில்லை. வளமான தோட்ட மண்ணைக் கலக்கிய நீரைச் சிறிது ஊற்றிய பின்னரே மீண்டது. புதுத் தொட்டி ‘பழகுவதற்கு’ நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும் என்று கடைக்காரர் சொல்வதும், பழைய தொட்டியின் ஸ்பாஞ்சைப் போட்டால் அக்காலம் குறையும் என்று அனுபவமுள்ள வளர்ப்போர் சொல்வதும் இந்த ஆய்வுக்குள் அடங்கியிருப்பதைக் காணலாம்.

இவ்வுயிர்கள் எவை என்பதில்தான் நெடுங்காலம் பிழை நிலவியது. 1890ஆம் ஆண்டளவில் நுண்ணுயிர் அறிஞர் வினோகிராட்ஸ்கி மண்ணிலிருந்து பிரித்தெடுத்த நைட்ரசோமோனாஸ், நைட்ரோபாக்டர் என்னும் இரண்டுமே மீன்தொட்டியிலும் வேலை செய்கின்றன என்று வளர்ப்பு நூல்கள் பல்லாண்டுகளாக எழுதிவந்தன. ஹோவனெக், டிலாங் ஆகிய ஆய்வாளர்கள் 1996இல் வெளியிட்ட ஆய்வு நன்னீர்த் தொட்டிகளில் அவ்விரண்டையும் எதிர்பார்த்தபடி காணவில்லை. 1998இல் வெளிவந்த தொடர் ஆய்வு, நைட்ரைட்டை உண்பது பெரும்பாலும் நைட்ரோஸ்பைரா என்னும் இனம் என்று காட்டியது. 2005இல் சியாட்டில் நகரக் காட்சிச்சாலையின் கடல்மீன் தொட்டிச் சரளைக் கற்களிலிருந்து, பாக்டீரியாவே அல்லாத, ஆர்க்கியா என்னும் வேறொரு தொல்லுயிர்ப் பிரிவைச் சேர்ந்த அம்மோனியா உண்ணியொன்று பிரித்தெடுக்கப்பட்டது. நன்னீர்த் தொட்டி வடிகட்டிகள் பலவற்றிலும் இத்தகைய ஆர்க்கியாவே மிகுந்திருப்பதை 2011இல் வெளியான கனடா நாட்டு ஆய்வு உணர்த்தியது. 2015இல் இரு ஆய்வுக்குழுக்கள், அம்மோனியாவிலிருந்து நைட்ரேட் வரை இரு படிகளையும் தனியே முடித்துவிடும் நைட்ரோஸ்பைரா வகைகளை அறிவித்தன. அவற்றுள் ஒன்று கிடைத்த இடம் மீன் வளர்ப்புச் சாலையொன்றின் வடிகட்டியே.

பெயர்ப் பட்டியல் வளர்ப்போருக்கு எதற்கு என்று கேட்கலாம். சேமிப்புக்கு இதிலிருந்து மூன்று செய்திகள் கிடைக்கின்றன. ஊடகத்தில் இருப்பது ஓரினமன்று, பல இனங்கள் பசைபோன்ற உயிர்ப்படலமாக ஒட்டி வாழும் கூட்டம். ஆகவே படலத்தைச் சிதைக்காமல் வைத்தல் வேண்டும். அக்கூட்டத்தில் பல இனங்கள் மிகக் குறைந்த அம்மோனியாவுக்குப் பழகியவை. ஆகவே சேமிப்புக் காலத்தில் ‘நன்றாக உண்ணட்டும்’ என்று அம்மோனியாவை அள்ளிக் கொட்டுவது நன்மையைவிடத் தீமையே செய்யும். மூன்றாவதும் முதன்மையானதும், இவை விதை போன்ற உறங்கு நிலையுள்ள ஸ்போர்களை உண்டாக்குவதில்லை என்பது. தயிரிலும் சாக்கடையிலும் பெருகும் பாக்டீரியாக்களுள் சில அரைமணி நேரத்துக்குள் இரட்டிக்க, நைட்ரேட்டாக்க உயிர்கள் ஒருமுறை இரட்டிக்கப் பெரும்பாலும் ஒரு நாளோ அதற்கு மேலோ எடுத்துக்கொள்கின்றன. எனவே உலர்த்தியோ குளோரின் ஊற்றியோ அழித்த கூட்டத்தை ஈடுசெய்ய வாரங்கள் தேவைப்படுகின்றன.

பசியைப் பற்றிய சான்று 1997இல் பிரிட்டனிலிருந்து வெளிவந்த ஆய்வொன்றில் தெளிவாகக் கிடைக்கிறது. அதில் நைட்ரசோமோனாஸ் செல்கள் இரு விதமாகப் பட்டினி போடப்பட்டன. நீரில் தனித்து மிதந்த செல்கள் 42 நாட்கள் அம்மோனியா இன்றி இருந்த பின் மீண்டும் உணவு பெற்றபோது, வேலையைத் தொடங்குவதற்கு 150 மணி நேரத்துக்கும் மேல் தயங்கின. மணல், மண் துகள்களின் மேல் படலமாக ஒட்டியிருந்த செல்களோ 43 நாள் பட்டினிக்குப் பின்னும் தயக்கமின்றி நைட்ரைட்டை உண்டாக்கத் தொடங்கின; அவற்றுள்ளும் ஓரளவு இழப்பு நேர்ந்தது என்பது மறுக்கப்படவில்லை. ஒட்டி வாழ்வதால் கிடைக்கும் இத்தாங்குதிறனே, வடிகட்டி ஊடகத்தை எடுத்து வைப்பது பயனுள்ள செயல் என்பதற்கு அடிப்படை. ஆயினும் அவ்வாய்வில் பட்டினி கிடந்த படலத்தின் மேல் அம்மோனியா நீக்கிய நீர் தொடர்ந்து ஓடிக்கொண்டே இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். அவை தேங்கிய நீரில் மூடப்பட்டுக் கிடக்கவில்லை. இந்தச் சிறு நுணுக்கத்தை விட்டுவிட்டு, ‘பட்டினி தாங்கும்’ என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு ஊடகத்தை மூடிய டப்பாவில் அடைப்போர் பலர்.

அடுத்தது காற்று. ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜன் நைட்ரேட்டாக மாற ஏறத்தாழ 4.57 கிராம் ஆக்சிஜன் தேவை. 30 டிகிரி வெப்பமுள்ள நீர், நன்கு காற்றூட்டப்பட்டாலும், லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம் அளவு ஆக்சிஜனையே கரைத்து வைத்திருக்க முடியும். அதே ஒரு லிட்டர் இடத்தில் அடங்கும் காற்றிலோ 270 மில்லிகிராம் அளவு ஆக்சிஜன் உள்ளது. எனவே சில மணி நேரப் பயணத்துக்கு, மீனைப் போலவே ஊடகத்தையும் நீரில் மூழ்கடித்து இறுகக் கட்டிக் கொண்டுசெல்வது தவறான வழி. தொட்டி நீரில் நனைத்து, சொட்டும் நீரை வடித்து, காற்றிடம் மிகுந்த டப்பாவில் ஈரத் துணி போர்த்தி எடுத்துச் செல்வதே சரியான வழி. ஈரம் இருக்கும்வரை காற்று அவ்வுயிர்களுக்கு நீரைவிடத் தாராளமாக மூச்சளிக்கிறது.

ஆக்சிஜன் இல்லாவிட்டால் நைட்ரேட்டாக்க உயிர்கள் உடனே மடிந்துவிடும் என்னும் பரவலான எண்ணமும் முழு உண்மையன்று. கழிவுநீர்த் தூய்மைப்பாட்டுத் துறையின் அளவீடுகள், உணவற்ற நிலையில் இவ்வுயிர்கள் காற்றுள்ள இடத்தைவிடக் காற்றற்ற இடத்தில் மெதுவாகவே தேய்கின்றன என்று காட்டியுள்ளன. ஆக்சிஜன் இல்லையேல் அவை செயலை ஒடுக்கிக்கொள்கின்றன. அப்படியாயின் மூடிய வாளியில் ஊடகம் பாழாவது ஏன்? அதில் மீன் கழிவு, உண்ணாத தீனி, அழுகிய இலை ஆகியவை சேர்ந்த கசடும் உடனிருக்கிறது. அக்கசடை உண்ணும் வேறு பாக்டீரியாக்கள் முதலில் ஆக்சிஜன் முழுவதையும் தீர்க்கின்றன. அதன்பின் சல்பேட்டைப் பயன்படுத்தி மூச்சுவிடும் வகைகள் தலைதூக்கி, அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடை உண்டாக்குகின்றன. அது நைட்ரேட்டாக்க உயிர்களுக்கும் நஞ்சு, மீனுக்கும் நஞ்சு. சேமிப்பில் நேரும் அழிவின் பெரும்பங்கு இவ்வழுகலாலேயே வருகிறது என்று கொள்ளலாம். ஆகவே எடுத்து வைக்குமுன் கசடை நீக்குவதே முதல் வேலை. தொட்டியிலிருந்து எடுத்த நீரை ஒரு வாளியில் நிரப்பி, ஸ்பாஞ்சை இரண்டு மூன்று முறை மெல்லப் பிழிந்து, செராமிக் வளையங்களைக் குலுக்கி அலசினால் போதும். படலம் வழுவழுப்பாக ஒட்டியே இருக்கும், கசடு மட்டும் போய்விடும். தேய்த்துக் கழுவுதல் கூடாது. குளோரின் கலந்த குடிநீர்க் குழாயின்கீழ் பிடித்தல் அறவே கூடாது. மனிதக் குடலுக்குத் தீங்கு செய்யும் கிருமிகளைக் கொல்லச் சேர்க்கும் அப்பொருள் இவற்றுக்கு மட்டும் விலக்களிக்காது.

இனி, வைக்கும் இடம். மிகச் சிறந்த இடம் வேறொரு தொட்டியே. மீன்கள் வாழும், நோயற்ற எந்தத் தொட்டியிலாயினும், நீரோட்டமுள்ள மூலையில் ஒரு வலைப்பையில் ஊடகத்தை இட்டு வைத்தால், உணவும் காற்றும் தாமே கிடைக்கும். எத்தனை மாதமாயினும் கவலையில்லை. நண்பர் வீட்டிலோ, பழக்கமான கடையிலோ அவ்வாறு வைக்க இடம் கேட்பதில் வளர்ப்போர் கூச்சப்பட வேண்டியதில்லை. ஒரு வரம்பு மட்டும் உண்டு: இரு தொட்டிகளின் ஊடகம் ஒரு தொட்டியின் உணவைப் பகிர்ந்துகொள்வதால், திரும்பி வரும் கூட்டம் போனதைவிடச் சிறுத்தே வரும்.

அவ்விடம் கிடைக்காதபோது வாளி உதவும். இருபது லிட்டர் வாளியில் தொட்டி நீரை நிரப்பி, அலசிய ஊடகத்தை இட்டு, ஏர் பம்பின் குமிழிக்கல்லை அடியில் வைத்து, மூடியைச் சற்றே திறந்து, வெயில் படாத இடத்தில் வைக்க வேண்டும். நைட்ரேட்டாக்க உயிர்களை ஒளி தளர்த்தும் என்பது அறிந்த செய்தியாதலால் இருட்டு நன்று. இரண்டு வாரத்துக்குட்பட்ட சேமிப்புக்கு இதற்குமேல் ஒன்றும் தேவையில்லை. அதற்கும் மேலாயின் சிறிதளவு உணவு தரலாம். அம்மோனியம் குளோரைடு, அதாவது ஈயம் பூசுவோர் பயன்படுத்தும் நவச்சாரம், இதற்கு ஏற்றது. ஆனால் கடைத்தெரு நவச்சாரத்தில் கலப்பு இருக்கக்கூடும் என்பதால் ஆய்வகப் பொருள் விற்கும் கடையில் வாங்குவதே நலம். அதில் 3.8 கிராமை ஒரு லிட்டர் நீரில் கரைத்தால், அக்கரைசலின் ஒவ்வொரு மில்லிலிட்டரிலும் ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜன் இருக்கும்; இருபது லிட்டர் வாளிக்கு வாரம் ஒருமுறை 20 மில்லிலிட்டர் ஊற்றினால் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் என்னும் அளவு கிடைக்கும். அவ்வளவு சிறிய உணவைச் செரிக்கவே 90 மில்லிகிராம் அளவு ஆக்சிஜன் செலவாகும் என்பதையும், வாளி நீர் முழுவதிலும் கரைந்திருப்பது 150 மில்லிகிராம்தான் என்பதையும் ஒப்பிட்டால், ஏர் பம்ப் இன்றி உணவிடக் கூடாது என்பது விளங்கும். சிலர் செய்வதுபோல இறால் துண்டையோ மீன் தீனியையோ வாளியில் போட்டு அழுகவிடுவதால் அம்மோனியா கிடைக்கும் என்பது உண்மையே. ஆனால் அரும்பாடுபட்டு அலசி நீக்கிய கசடும் உடன் திரும்பி வரும்.

வாளியில் உணவிடுவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: நைட்ரேட்டாக்கம் காரத்தன்மையை உண்ணும் வினை. ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனுக்கு, கால்சியம் கார்பனேட் கணக்கில், ஏழு கிராமுக்குச் சற்று மிகுதியாகச் செலவாகும். ஆழ்துளைக் கிணற்று நீரில் இது பொருட்படுத்தத் தக்கதன்று. ஆர்.ஓ. இயந்திர நீரில் வைப்போர் மட்டும், பிஎச் 6.5க்குக் கீழே இறங்கிவிடாமல், எப்போதாவது ஒரு சிட்டிகை ஆப்பச் சோடா சேர்க்க வேண்டும்.

மின்சாரமோ ஏர் பம்போ வைக்க வழியில்லாதவர் குளிர்பதனப் பெட்டியை நாடலாம். நன்கு அலசிய ஊடகத்தைச் சிறிது தொட்டி நீரோடு, காற்றிடம் விட்டு, 4 முதல் 8 டிகிரி வெப்பத்தில் வைத்தால் எல்லாச் செயலும் மந்தமாகும், அழுகலும் மந்தமாகும். வெப்ப நாட்டுத் தொட்டிக்குப் பழகிய கூட்டத்தில் இதனால் ஓரளவு இழப்பு உண்டாயினும், சில வாரங்களுக்கு இது இயலும் வழியே. உறைபெட்டியில் வைப்பது அழிவு. உறையும் நீரின் படிகங்கள் செல்களைக் கிழித்துவிடும். ஆய்வகங்கள் நுண்ணுயிர்களை உறையவைத்துக் காப்பதற்குக் கிளிசரால் போன்ற காப்புப் பொருள்களைச் சேர்க்கின்றன. அது வீட்டில் செய்யும் வேலையன்று. வெயிலில் உலர்த்துவது பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

நோய் வந்த தொட்டியின் ஊடகத்தை என்ன செய்வது என்பது, வளர்ப்போர் அடிக்கடி குழம்பும் கேள்வி. உடலெங்கும் உப்புத் தூவியதுபோல் வெண்புள்ளி தோன்றும் இக் நோயின் ஒட்டுண்ணி, மீனில்லாமல் நெடுநாள் வாழ இயலாதது. நம் நாட்டு வெப்பத்தில் மீனின்றி இரண்டு வாரம் வாளியில் கிடந்த ஊடகத்தை அதன்பொருட்டு ஐயுற வேண்டியதில்லை. மீனை மெலிவித்து, முதுகை வளைத்து, மெல்லக் கொல்லும் மைக்கோபாக்டீரியத் தொற்று அவ்வாறன்று. அது உயிர்ப்படலத்திலேயே நெடுங்காலம் தங்கும், வளர்ப்போரின் கைப் புண்ணிலும் தொற்றும். அத்தகைய தொட்டியின் ஊடகத்தைச் சேமிப்பது சிக்கனமாகாது. அதை எறிந்துவிட வேண்டும். மெத்திலீன் நீலமும், எரித்ரோமைசின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லியும் நைட்ரேட்டாக்கத்தை ஒடுக்குபவை என்பதால், அம்மருந்துகள் இட்ட தொட்டியின் ஊடகம் உயிரோடிருப்பதாக எண்ணிச் சேமிப்பதும் வீண்.

2015ஆம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்தின்போதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையின் பல பகுதிகளில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. இத்தகைய மின்வெட்டின்போது வளர்ப்போர் விரும்பாமலேயே ஊடகம் ‘சேமிப்பு’ நிலைக்குப் போய்விடுகிறது. மூடிய உருளை வடிவக் கேனிஸ்டர் வடிகட்டியே இங்கு மிகவும் ஆபத்தானது: நீரோட்டம் நின்ற சில மணி நேரத்தில் அதனுள் ஆக்சிஜன் தீர்ந்து, கசடு அழுகத் தொடங்கும், மின்சாரம் வந்ததும் அந்த நீர் முழுவதும் தொட்டிக்குள் பாயும். மின்வெட்டு நீளும் எனத் தோன்றினால் கேனிஸ்டரைத் திறந்து, ஊடகக் கூடையை வெளியே எடுத்து, தொட்டி நீரால் அவ்வப்போது நனைத்தபடி வைக்க வேண்டும்; உருளையில் தேங்கிய நீரைக் கொட்டாமல் மீண்டும் இயக்கவே கூடாது. பேட்டரியில் இயங்கும் ஏர் பம்பும் ஒரு சாதாரண ஸ்பாஞ்ச் வடிகட்டியும் உள்ள வீட்டில், விலையுயர்ந்த கேனிஸ்டர் மட்டும் உள்ள வீட்டைவிட, இத்தகைய நாட்களில் மீன்கள் பாதுகாப்பாக இருக்கின்றன.

சேமித்த ஊடகத்தை மீண்டும் பொருத்தும்போது, அது உயிரோடிருக்கிறது என்று நம்புவது போதாது, சோதித்தறிய வேண்டும். மீன் விடுமுன், தொட்டி நீரில் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் அம்மோனியா சேர்த்து, 24 மணி நேரம் கழித்துச் சோதனைக் கருவியால் அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் அளக்க வேண்டும். இரண்டும் சுழியாயின் கூட்டம் பிழைத்திருக்கிறது. அம்மோனியா தீர்ந்து நைட்ரைட் மட்டும் நின்றால், இரண்டாம் படியை ஆற்றும் உயிர்கள் பின்தங்கியுள்ளன என்று பொருள். அவை எழும்வரை பொறுக்க வேண்டும். ஏற்கெனவே மீன் விட்டுவிட்ட நிலையில் நைட்ரைட் ஏறினால், சிறிதளவு கல்லுப்பு உதவும். நைட்ரைட் செவுள் வழியே இரத்தத்தில் நுழைவதை உப்பிலுள்ள குளோரைடு தடுக்கிறது. எவ்வாறாயினும் முதல் வாரத்தில் மீன்களைச் சில சிலவாகவே விடுதலும், தீனியைக் குறைத்தலும் நன்று. பட்டினி கிடந்த கூட்டம் பழைய அளவுக்குப் பெருக நாள் வேண்டும்.

இறுதியாக, விற்போருக்கு ஒரு வேண்டுகோள். ‘பாக்டீரியா’ என்று பெயரிட்டு விற்கப்படும் உலர்ந்த பொடிகள் பலவற்றில் இருப்பது பேசில்லஸ் என்னும் ஸ்போர் உண்டாக்கும் வகையே. அது கசடைச் செரிக்கும், ஆனால் நைட்ரேட்டாக்க உயிர்களின் இடத்தை நிரப்பாது. பாலுக்கு உறைமோர் போலப் புதுத் தொட்டிக்கு உதவக்கூடியது, நலமாக இயங்கும் தொட்டியில் ஊறிய ஒரு ஸ்பாஞ்சுத் துண்டே. கடைகளில் நோயற்ற இருப்புத் தொட்டியொன்றில் பத்திருபது ஸ்பாஞ்சுகளைக் கூடுதலாக ஊறவிட்டு, மீன் வாங்குவோருக்கு மீன் பையோடு அவற்றுள் ஒன்றையும் ஈரமாக, காற்றிடம் விட்ட பையில் கட்டிக் கொடுப்பதற்கு ஆகும் செலவு மிகச் சிறிது. அதற்கு விலை வைத்தாலும் தவறில்லை. புதுத் தொட்டி வாங்குவோர் முதல் மாதத்திலேயே மீன்களை இழந்து இவ்வளர்ப்பைக் கைவிடுவது விற்போருக்கும் இழப்பாதலால், கொளத்தூர் வணிகர்கள் இதை அடுத்த வாரமே தொடங்கலாம்.